ஸ்பூல் நழுவக் கூடாது

அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவியின் தம்பி, மினி லாரி ஓட்டுகிறவன். கரைவலை இழுப்பவர்கள் எட்டுப் பேர். அவர்களுக்கு மூத்தவர் ஒருவர்; அவர் கயிற்றைத் தொடமாட்டார், பக்கத்தில் நின்று சொல்வார். மீன் வாங்கிப் போய் விற்கிற அக்கா ஒருவர். ஒரு நாய். வேறு யாரும் இல்லை.

அக்கா எனக்கு வலது பக்கம், இருபது தப்படி தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அலுமினிய அன்னக்கூடை. வலை கரைக்கு வரக் காத்திருந்தார்.

நான் கோலைப் பக்கவாட்டில் பின்னுக்குக் கொண்டுபோய் வீசினேன்.

கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிற தூண்டில் இது. கோல் பன்னிரண்டு அடி. கைப்பிடியில் ரீல். ரீலின் முன்னால் நூல் சுற்றிய உருளை இருக்கும், அதற்கு ஸ்பூல் என்று பெயர். வீசும்போது நூலை ஆட்காட்டி விரலில் தொங்கப் பிடித்திருக்க வேண்டும். கோல் தலைக்கு மேல் வந்து முன்னால் சாயும்போது விரலை விட வேண்டும். நுனியில் இருக்கிற ஈயம் நூலை இழுத்துக்கொண்டு போகும். விரலை விடுகிற வரைக்கும் ஸ்பூல் அசையக் கூடாது.

அன்றைக்கு அசைந்தது. நூல் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. கை தானாகத் திறந்துவிட்டது. கோல் பக்கவாட்டில் இருக்கும்போதே ஈயம் புறப்பட்டுவிட்டது. நூறு கிராம் ஈயம். கடலுக்குப் போகவில்லை. வலது பக்கம் போனது.

அன்னக்கூடையில் அடித்த சத்தம் கேட்டது. கூடை அக்காவின் மடிமேல் கவிழ்ந்தது.

வலை இழுத்தவர்கள் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழுந்தார். கூடையைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் உள்ளே குழிந்திருந்தது. அந்தக் குழியில் தன் கைமுட்டியை வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது.

"யோவ் மேக்கத்தியாரே," என்றார். கடற்கரைக்காரர்களுக்கு எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் மேக்கத்தியார்தான். "நான் கடல்ல இருக்கிறனா, கரையில இருக்கிறனா? கண்ணு தெரியுதா ஒனக்கு?"

"நழுவிடுச்சு யக்கா."

"இன்னா நழுவிடுச்சு? இது என் மண்டையில பட்டிருந்தா எங்க வூட்டுக்காரருகிட்ட வந்து நழுவிடுச்சுன்னு சொல்லுவியா?"

விரலிலிருந்து ரத்தம் கோல் வழியாக வடிந்தது.

மூத்தவர் நடந்து வந்தார். என் கையைப் பார்த்தார், கோலைப் பார்த்தார்.

"எந்த ஊரு?"

"செஞ்சி."

"மலையில ஏறி வெளயாட வேண்டியதுதான? இங்க இன்னாத்துக்கு வர?"

மச்சினன் குறுக்கே புகுந்தான். "பெரியவரே, தெரியாம ஆயிடுச்சு. புதுக் கூட வாங்கிக் குடுத்துடறோம்."

"கூட கெடக்குது. தல வாங்கிக் குடுப்பியா?" என்றார் மூத்தவர். பிறகு என்னிடம், "கை நழுவாம நிக்கட்டும். அப்பறமா வா. நிக்காம வந்தினா கோல ஒடிச்சி அடுப்புல வெப்போம். அதுவரிக்கும் இந்தக் கரையில நீ கோல் தூக்கக் கூடாது."

"சரி" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. வண்டியில் ஏறித் திண்டிவனம் வழியாக ஊர் வந்து சேர்ந்தோம். விரலை என் வேட்டி ஓரத்தில் சுற்றிப் பிடித்திருந்தேன்.

மச்சினன் வழி முழுக்கப் பேசினான். "வேற கரையே இல்லியா மாமா? கடலு இன்னா அவங்க அப்பன் வூட்டுதா? இன்னும் நாலு கிலோமீட்டர் தள்ளிப் போனா எவன் கேக்கப் போறான்?"

அவன் சொன்னது உண்மைதான். யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் நான் வேறு கரைக்குப் போனால் அங்கேயும் ஸ்பூல் நழுவும். அங்கேயும் பக்கத்தில் ஒருவர் இருப்பார். இந்தக் கரையில் ஒரு அம்மாள் மண்டை தப்பியிருக்கிறது. இந்தக் கரைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். போகும்போது நழுவக் கூடாது. இதை அவனிடம் சொல்லவில்லை. "அங்கதான் போவணும்" என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு அந்தக் கரை எதற்கு என்று கேட்கலாம். என் வேலை மூட்டை தைப்பது. நெல் ஏலம் போடுகிற விற்பனைக் கூடத்தில், நாங்கள் கமிட்டி என்போம், நெல் எடை போட்டபின் கோணியின் வாயைத் தைத்து முடிச்சுப் போட வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் குனிந்தே இருப்பேன். தகரக் கொட்டகை, நெல் தூசி. ஏழாவது நாள் அந்தக் கரையில் நிமிர்ந்து நிற்பேன். மீன் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. அந்த ஒரு நாள் எனக்கு வேண்டும்.

ஆஸ்பத்திரியில் விரலுக்கு மூன்று தையல் போட்டார்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சணலை இழுக்கும்போது ஆட்காட்டி விரலின் மேல்தான் சுமை விழும். அதை மடக்கி வைத்துக்கொண்டு நடுவிரலில் தைத்தேன். வேலை வேகமாக நகரவில்லை.

"இன்னா மாமா," என்றான் எடை போடுகிறவன், "ஊருக்கே தையல் போடற ஆளு. ஒனக்கே தையலா?"

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். "மீனு தெச்சுதாம்டா அவர" என்றான் ஒருவன். நான் தைத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு மாலை வரை இருந்து என் பங்கை முடித்தேன். மற்றவர்களைவிட இரண்டு மணி நேரம் கூட ஆனது.

வீட்டில் மனைவி கட்டைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் சொன்னாள். "இன்னொரு வாட்டி இந்த விரல்ல ரத்தத்தப் பாத்தேன், கோல அவங்க ஒடிக்க மாட்டாங்க. நான் ஒடிப்பேன்."

தையல் பிரித்தது பத்தாவது நாள். மறுநாள் சாயங்காலம் கோலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். தொண்டூர் போகிற பக்கம் இருக்கிற ஏரி. கோடையில் நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம் இருக்கும், மற்றதெல்லாம் வெடித்த தரை. மாடு கூட அந்த நேரத்தில் இருக்காது. தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டேன். வெறும் ஈயம். சுற்றிலும் ஆள் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். விரலுக்குப் பழைய தோல் செருப்பின் வாரை வெட்டி உறை தைத்துப் போட்டிருந்தேன். தைப்பது எனக்குத் தெரிந்த வேலை.

ஸ்பூலின் முகத்தில் ஒரு திருகு இருக்கிறது. டிராக் என்பார்கள். அதைத் தளர்த்தி வைத்தால் மீன் இழுக்கும்போது ஸ்பூல் சுற்றி நூலைக் கொடுக்கும், நூல் அறாது. இறுக்கினால் கொடுக்காது. வீசும்போது இறுக்கமாக இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். அன்றைக்கும் நான் இறுக்கித்தான் இருந்தேன். போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கை வலிக்கிற வரைக்கும் திருகினேன். வீசினேன்.

விரலில் நூல் ஓடியது தெரிந்தது. தோல் உறை இருந்ததால் அறுக்கவில்லை. ஈயம் நாற்பது தப்படியில் விழுந்தது. சரியாக வீசினால் நூறு தப்படி தாண்டும்.

மறுபடி இறுக்கினேன். மறுபடி ஓடியது. பத்து வீச்சில் ஏழு நழுவியது.

மறுநாள் மூட்டைக்குக் குறி போடுகிற கறுப்பு மையைக் கொஞ்சம் கொண்டுபோனேன். ஸ்பூலின் விளிம்பில் ஒரு புள்ளி. அதற்கு நேராக ரீலின் உடம்பில் ஒரு புள்ளி. இரண்டையும் ஒரே நேராக வைத்து, இறுக்கி, வீசினேன். பார்த்தேன். ஸ்பூல் புள்ளி ஒரு நெல் நீளத்துக்கு விலகியிருந்தது. இன்னொன்று வீசினேன். இரண்டு நெல் நீளம்.

ஆக, திருகு இறுகியிருக்கிறது, ஸ்பூல் மட்டும் சுற்றுகிறது. ஏன் என்று புரியவில்லை. ஆனால் எங்கே நழுவுகிறது என்று தெரிந்துவிட்டது. இடம் தெரிந்தால் பாதி வேலை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினனை வீட்டுக்கு வரச் சொன்னேன். வாசலில் ஒரு கோணியை விரித்து அதன்மேல் ரீலைப் பிரித்தோம். திருகை எடுத்ததும் உள்ளே வட்ட வட்டமாகக் கம்பளித் துண்டு போல மூன்று வில்லை இருந்தன. அவன் ஒன்றை எடுத்து இரண்டு விரலில் நசுக்கினான். சொட்டாக எண்ணெய் வந்தது.

"மாமா, இது இன்னா மாமா?"

"எண்ண."

"தெரியுது. எவன் ஊத்தனான்?"

"கம்பெனில போட்டிருப்பான்."

"இது கிளட்ச் பிளேட்டு மாதிரி. கிளட்ச் பிளேட்டுல ஆயில் பட்டா வண்டி இழுக்குமா? ஆக்சிலேட்டர மிதிப்ப, இஞ்சின் கத்தும், வண்டி அங்கியே நிக்கும். நீ திருகத் திருகிக்கினே இருக்கற, இது வழுக்கிக்கினே இருக்குது." அவன் விரலை முகர்ந்து பார்த்தான். "மாமா, இது கம்பெனி ஆயில் இல்ல. தோச சுடற கடல எண்ண."

மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்தே சொன்னாள். "கேளுடா ஒங்க மாமாவ. சனிக்கெழம சனிக்கெழம எண்ணக் கிண்ணத்த எடுத்துக்கினு அந்த நூலுகிட்ட குந்தினு இன்னா பண்றாருன்னு கேளு."

நான் செய்தது இதுதான். மூட்டை தைக்கும்போது சணலை எண்ணெய்த் துணியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வோம். ஊசியையும் அதில் துடைத்துக்கொள்வோம். கோணியில் சிக்காமல் ஓடும். இருபது வருஷமாக அப்படித்தான். தூண்டில் நூலும் கோலின் வளையங்களில் சிக்காமல் ஓடினால் தூரம் போகும் என்று நினைத்தேன். ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் நூலை அவிழ்த்து எண்ணெய்த் துணி வழியாக இழுத்துச் சுற்றினேன். ஒரு வருஷம் செய்திருப்பேன். அந்த எண்ணெய் ஸ்பூலில் இறங்கி, அங்கிருந்து வில்லைக்குப் போயிருக்கிறது.

மச்சினன் சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. "யக்கா, ஒங்க வூட்டுக்காரரு மீனுக்குத் தாளிச்சிக் குடுத்துட்டிருக்காரு."

"சிரிக்காத. கூடையில பட்டது அதனாலதான்" என்றேன்.

அவன் சிரிப்பை நிறுத்தினான்.

வில்லைகளைப் பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவினேன். நான்கு தண்ணீர் மாற்றினேன். நசுக்கிப் பார்த்தேன். எண்ணெய் வரவில்லை. நிழலில் ஒரு நாள் காயவைத்து மாட்டினேன். ஏரிக்குப் போய்ப் புள்ளிகளை நேராக வைத்து வீசினேன். புள்ளி நகரவில்லை. ஐந்து முறை வீசினேன். புள்ளி நகரவே இல்லை.

ஆனால் ஆறாவது வீச்சில் விரலில் நூல் ஓடியது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். புள்ளி இரண்டும் நேராக இருக்கின்றன. ஸ்பூல் சுற்றவில்லை. நூல் மட்டும் எப்படி ஓடும்? ஏழாவது வீசினேன், ஓடியது. எட்டாவது ஓடவில்லை. ஒன்பதாவது ஓடியது.

ஆடு ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மாள் கரைமேல் நின்றார். "ஏம்பா, ஏரியில தண்ணி வத்தி மூணு மாசம் ஆவுது. ஒனக்கு யாரும் சொல்லலியா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சேவா?" என்று கேட்டுவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டேன். நூலின் நுனியை அவள் கையில் துணி சுற்றிக் கொடுத்தேன். ஸ்பூலில் பாதி நூலை ஏற்கெனவே அவிழ்த்திருந்தேன். மிச்ச நூலின் மேல் மையால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டை ஸ்பூல் விளிம்பு வரைக்கும் நீட்டினேன்.

"இழு" என்றேன்.

"எவ்ளோ இழுக்கட்டும்?"

"ஒன் பலம் எல்லாம்."

"அப்பறம் வுழுந்தா என்னச் சொல்லக் கூடாது." அவள் தெருவைப் பார்த்துத் திரும்பி, கயிறு இழுப்பதுபோல இழுத்தாள். நான் ஸ்பூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பூல் அசையவில்லை. அதன்மேல் இருந்த நூல் கட்டு மட்டும், கையில் வளையல் சுற்றுவதுபோல, மொத்தமாகச் சுற்றியது. விளிம்பில் போட்ட கோடு ஒரு பக்கம், நூலின்மேல் போட்ட கோடு இன்னொரு பக்கம்.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

"கெடச்சிடுச்சு."

என் தூண்டில் நூல் இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நூல், வழவழப்பானது. ஸ்பூலின் அடி வழவழப்பான அலுமினியம். நடுவில் என் எண்ணெய். போதாததற்கு அடியில் நான் போட்டிருந்த முடிச்சு மூட்டைக்குப் போடுகிற முடிச்சு, இறுகப் பிடிக்காது. நூல் எதையும் பிடிக்கவில்லை. சுற்றி வைத்த வட்டமாக அப்படியே இருந்தது, பலமாக இழுத்தால் வட்டத்தோடு சுற்றியது.

முழு நூலையும் அவிழ்த்து வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். துணி காயப்போடும் கொடியில் வளையம் வளையமாகப் போட்டுக் காயவைத்தேன். அன்றைக்குத் துணி காயவைக்க இடமில்லை என்று மனைவி எதிர்வீட்டுக் கொடிக்குப் போனாள். ஸ்பூலின் அடியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பிறகு சோப்பு போட்டுத் துடைத்தேன். விரலுக்குக் கட்டுப் போட்டபோது மிச்சம் வந்த துணிப் பிளாஸ்திரியை அடியில் ஒரு சுற்று ஒட்டினேன். அதன்மேல் தங்கூஸ் நரம்பு இருபது சுற்று. மீனவர்கள் வைத்திருக்கும் அந்தத் தடித்த நைலான் நரம்பு பிளாஸ்திரியைக் கவ்விக்கொண்டது. நரம்பின் நுனியில் பின்னல் நூலை மச்சினன் முடிந்தான். என்னை முடியவிடவில்லை.

சுற்றும்போது மனைவி ஈரத்துணியில் நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவின் கோடியில் நின்றாள். நான் சுற்றச் சுற்ற ஒவ்வொரு அடியாக நடந்து வந்தாள். தளர்வாகச் சுற்றினால் மேல் நூல் அடி நூலுக்குள் புதையும், அதுவும் நழுவும். தெருவில் போகிறவர்கள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"பட்டம் வுடறோம்" என்று ஒருவரிடம் சொன்னாள். அவர் மேலே பார்த்தார்.

பிறகு இழுத்துப் பார்த்தோம். அவள் பலம் எல்லாம் போட்டு இழுத்தாள். என்னையும் சேர்த்து இழுத்துவிட்டாள். கோடு இரண்டும் நேராகவே நின்றன.

கை நிற்கட்டும் என்று மூத்தவர் சொன்னார். எத்தனை வீச்சு நின்றால் நின்றதாக அர்த்தம் என்று சொல்லவில்லை. நானே வைத்துக்கொண்டேன். தொடர்ந்து நூறு. ஒன்று நழுவினாலும் முதலிலிருந்து.

தினமும் வேலை முடிந்து ஐந்து மணிக்கு ஏரி. ஒரு சாயங்காலத்துக்கு இருபது இருபத்தைந்து வீச்சுதான் முடியும். வீசுவது கொஞ்ச நேரம். நடந்துபோய் ஈயத்தைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு வருவதுதான் நேரம். எண்ணிக்கையை மறுநாளைக்கு எடுத்துப் போவேன். ஐந்தைந்தாகத் தரையில் கோடு கிழிப்பேன், மூட்டைக்குக் கிழிப்பதுபோல.

மூன்றாவது நாள், அறுபத்தெட்டாவது வீச்சு. மச்சினனும் வந்திருந்தான். ஈயம் நன்றாகத்தான் போனது. தொண்ணூறு தப்படி இருக்கும். அவன் "சூப்பர் மாமா" என்றான்.

நான் புள்ளியைப் பார்த்தேன். அரை நெல் விலகியிருந்தது. விரலிலும் லேசாகத் தெரிந்தது, ஒரு எறும்பு ஊர்ந்ததுபோல.

"நழுவிச்சு" என்றேன்.

"எங்க நழுவிச்சு? நேராத்தான போச்சு?"

"நழுவிச்சு."

"மாமா, இத யாரு பாத்தா? நீயும் நானுந்தான். நான் சொல்ல மாட்டேன்."

"ஒனக்காகவா எண்ணறேன்?"

அவன் தலையில் அடித்துக்கொண்டான். நான் தரையில் இருந்த கோடுகளைக் காலால் அழித்தேன்.

ஏன் நழுவியது என்று யோசித்தேன். அதற்கு முந்தின வீச்சு முடிந்ததும் டிராக்கைத் தளர்த்தியிருந்தேன். ஈயம் தண்ணீரில் விழுந்ததும் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரிய மீன் ஒரே இழுப்பில் நூலை அறுத்துவிடும். ஏரியில் மீன் இல்லை என்றாலும் கரையில் செய்வதுபோலவே எல்லாம் செய்துகொண்டிருந்தேன். தளர்த்தியதைத் திரும்ப இறுக்கும்போது மச்சினன் பேச்சில் பாதியோடு விட்டுவிட்டேன். ரீலில் குறை இல்லை. என்னிடம்தான்.

அதற்குப்பின் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். கோலை எடுத்ததும் "இறுக்கு". திருகி, நூலைப் பிடித்துக் கையால் ஒரு வெட்டு வெட்டி இழுத்துப் பார்ப்பேன். அசையாவிட்டால்தான் வீசுவேன். விழுந்ததும் "தளர்த்து". மந்திரம் மாதிரி இருக்கிறது என்று மச்சினன் சொன்னான். இருக்கட்டும் என்றேன். பேச்சு கொடுத்தால் பதில் சொல்லாமல் இருந்தேன். அது எனக்குக் கஷ்டமில்லை.

அடுத்த முறை நாற்பத்தொன்றில் நழுவியது. விரல் உறையில் வியர்வை. உறையின் உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தேன், சொரசொரப்பு நூலைப் பிடித்தது. மறுபடி ஒன்று.

நூறு வந்த நாள் வியாழக்கிழமை. நான் மட்டும்தான் இருந்தேன். கோடுகளை எண்ணினேன். இன்னொரு முறை எண்ணினேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். மனைவி என் விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை கரைக்குப் போனோம். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். வலையை அப்போதுதான் கடலில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கோலை வண்டியிலேயே விட்டுவிட்டு மூத்தவரிடம் போனேன்.

"வந்துட்டேன்" என்றேன்.

அவருக்கு முதலில் நினைவுக்கு வரவில்லை. அக்காவுக்கு வந்தது. "அட, நம்ம நழுவிடுச்சு வந்திருக்காரு!"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. "இன்னா கோளாறு இருந்துச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய் போட்டதையும் சொன்னேன். அதை மறைத்திருக்கலாம். மறைத்தால் மிச்சத்தையும் நம்பமாட்டார்கள்.

"நூலுக்கு எண்ண போட்டியா?" என்றார் அக்கா. "சீப்பு போட்டு வாரினியா? பூ வெச்சியா?"

"இல்ல யக்கா."

"எதுக்குய்யா போட்ட?"

"சணலுக்குப் போடுவோம். மூட்ட தெக்கிற சணலுக்கு."

மூத்தவர் கையை நீட்டினார். மச்சினன் ஓடிப்போய்க் கோலை எடுத்து வந்தான். அவர் நூலை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தார். ஸ்பூல் அசையவில்லை. நூல் கட்டும் அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார். நூலை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"எத்தினி வீசிப் பாத்த?"

"சேந்தாப்பல நூறு."

"தரையில வீசனது தரையோட. இங்க காத்து அடிக்கும், அல இழுக்கும், கை ஈரமாவும்." கோலை என்னிடம் கொடுத்தார். "யம்மா, நீ இன்னா சொல்ற? கூட ஒன்னுது."

அக்கா இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார். அவர் சொல்வதுதான் முடிவு என்று எனக்குப் புரிந்தது.

"வலை வர்றவரிக்கும் வீசட்டும்," என்றார். "நான் எண்ணறேன். ஒண்ணு கோணலாப் போச்சு, இந்தாளு மலையோட போயிடணும். கோணாம இருந்தா வந்து போவட்டும், நான் கேக்க மாட்டேன்." சொல்லிவிட்டு, எனக்கு வலது பக்கம் நடந்துபோனார். அன்றைக்கு உட்கார்ந்த அதே தூரம். நான் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன்.

"ஏன், நம்பிக்க இல்லியா ஒனக்கு?"

"நம்பிக்க இருக்குது. நீங்க தள்ளியே குந்துங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே எனக்குப் பின்னால், நாய் படுத்திருந்த படகு மறைவுக்குப் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து ஈயம் போகும் வழி தெரியும். ஈயம் அங்கே போகாது. முள்ளை மாட்டி இரை கோத்தேன்.

இறுக்கு. இழுத்துப் பார்த்தேன். வீசினேன். ஈயம் மூன்றாவது அலைக்கு அப்பால் விழுந்தது. தளர்த்து.

"ஒண்ணு" என்றார் அக்கா.

அவர் எண்ணுவது மீன் எண்ணுகிற குரல். ஏலம் கேட்கிறவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல எண்ணினார். ஐந்து வந்தது. பத்து வந்தது. காற்று தெற்கிலிருந்து ஏறியது. நான் காற்றைப் பார்க்கவில்லை. புள்ளியைப் பார்த்தேன், திருகைப் பார்த்தேன்.

பதினான்காவது வீச்சில் மீன் கடித்தது. கோல் நுனி இரண்டு முறை குனிந்தது. ஸ்பூல் கொஞ்சம் சுற்றி நூல் கொடுத்தது. அப்போது சுற்ற வேண்டும். இழுத்து வந்தேன். ஒரு சாண் கிழங்கான். மச்சினன் குதித்தான். நான் மீனைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுத் திருகை இறுக்கி, இழுத்துப் பார்த்து, வீசினேன். மீன் வந்த பிறகுதான் மறதி வரும் என்று எனக்குத் தெரியும்.

"மீனுக்காவ ஒண்ணும் கழிக்க மாட்டேன்," என்றார் அக்கா. "பதினஞ்சு."

இருபது தாண்டியதும் தோள் வலித்தது. உறை நனைந்துவிட்டது. கழற்றிப் பிழிந்து மாட்டினேன். வலைக்காரர்கள் கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் இழுக்கிற குரலும் அக்கா எண்ணுகிற குரலும் சேர்ந்து கேட்டன. ஒருமுறை அலை முழங்காலுக்கு வந்து என்னைத் தள்ளியது. கோலை இறக்கினேன். அலை போகிற வரைக்கும் நின்றேன். வீசவில்லை.

"பயமா?" என்றார் பின்னாலிருந்து.

"ஆமா" என்றேன்.

அலை போனது. இறுக்கிப் பார்த்து வீசினேன். நேராகப் போனது. எண்ணினார்.

வலையின் மடி தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது. உள்ளே மீன் வெள்ளையாகத் துள்ளுவது தெரிந்தது. மூத்தவர் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா எழுந்தார், ஆனால் நகரவில்லை. என் கோலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திருகைத் தொட்டேன், நூலை வெட்டி இழுத்துப் பார்த்தேன், வீசினேன். ஈயம் நேராக உயர்ந்து, காற்றில் கொஞ்சம் சாய்ந்து, கடலில் விழுந்தது. புள்ளிகள் நேராக இருந்தன.

அக்கா என்னைத் தாண்டி வலையைப் பார்த்து நடந்தார். போகிற போக்கில், என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"முப்பத்தியாறு."